எட்டப்பன் என்றொரு பெயர்

காட்டிக்கொடுத்தவர் என்று ஒருவரை ஏசத் தமிழில் ஒரே சொல் போதும்: எட்டப்பன். இச்சொல்லை உலகத் தமிழர் அனைவரது நாவிலும் நிலைநிறுத்தியதில் 1959 மே மாதம் வெளிவந்த ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ திரைப்படத்திற்குப் பெரும் பங்குண்டு. பி. ஆர். பந்துலு இயக்கிய இப்படத்திற்காகச் சிவாஜி கணேசன் 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆபிரிக்க - ஆசியத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகராகத் தெரிவானார்.

எமது தலைமுறை இப்படத்தை மறுவெளியீடுகளிலேயே கண்டது. யாழ்ப்பாணத்தில் இரவுக் காட்சிக்குச் சென்ற நாளொன்று இன்றும் நினைவில் உள்ளது. ஜாக்சன் துரையுடனான வாக்குவாதம் வந்தபோது, முன்வரிசையில் இருந்தவர்கள் சிவாஜிக்கு முன்பாகவே வசனத்தைச் சொல்லி முடித்தார்கள். கோயில் திருவிழாக்களிலும் கலியாண வீடுகளிலும் ஒலிபெருக்கியில் கேட்டுக் கேட்டு மனனமான வசனம் அது. வி. கே. ராமசாமி எட்டப்பனாகத் திரையில் தோன்றிய ஒவ்வொரு தடவையும் அரங்கில் கூச்சல் எழுந்தது. படம் முடிந்து சைக்கிளில் வீடு திரும்புகையில் எல்லோர் வாயிலும் இருந்தவை இரண்டே பெயர்கள். ஒன்று நாயகனுடையது, மற்றையது எட்டப்பனுடையது.

வரலாறு காட்டும் காட்சியில் ஆட்கள் அதிகம். 1799 செப்டெம்பரில் மேஜர் பானர்மன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாக்கியபோது எட்டயபுரம் பாளையக்காரர் கும்பினியின் பக்கம் நின்றார் என்பது மெய்யே. இரு பாளையங்களுக்கும் இடையே எல்லைத் தகராறு அதற்கு முன்பே முற்றியிருந்தது. ஆயினும் கோட்டையை விட்டு வெளியேறிய கட்டபொம்மனைப் பிடித்துக் கும்பினியாரிடம் ஒப்படைத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். அவ்வாண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியின் நிலங்கள், கும்பினிக்குத் துணைநின்ற பாளையக்காரர்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. பிடித்துக் கொடுத்த தொண்டைமானின் பெயர் வசைச்சொல் ஆகவில்லை. எட்டப்பனின் பெயர் ஆனது.

இத்தனைக்கும் எட்டப்பன் என்பது தனியொருவரின் பெயரன்று. எட்டயபுரத்து ஆட்சியாளர்கள் வழிவழியாகத் தாங்கிய பட்டம். சீறாப்புராணம் பாடிய உமறுப்புலவர் அந்த அரண்மனையின் புலவராக விளங்கியவர். முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதிக் காலத்தை அங்கு கழித்து 1835இல் அவ்வூரிலேயே மறைந்தார். 1882இல் எட்டயபுரத்தில் பிறந்த சுப்பிரமணியன் ‘பாரதி’ என்ற பட்டத்தைப் பெற்றதும் அங்கேதான். ஒரு போரில் ஒருவர் எடுத்த நிலைப்பாடு, முன்னோரையும் பின்னோரையும் சேர்த்து ஒரு வம்சத்தின் பெயரையே விழுங்கிவிட்டது.

ஈழத்தில் இதற்கு ஈடான பெயர் காக்கை வன்னியன். 1803 ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கிடம் பண்டாரவன்னியன் தோற்றதற்கு அவனது துரோகமே காரணம் என்று மேடை நாடகங்களில் பார்த்து வளர்ந்தோம். ஆனால் யாழ்ப்பாண வைபவமாலையைப் புரட்டினால், காக்கை வன்னியன் போர்த்துக்கீசருக்குச் சங்கிலி மன்னனைக் காட்டிக்கொடுத்தவனாக வருகிறான். யாழ்ப்பாண அரசு வீழ்ந்தது 1619இல். இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையே 184 ஆண்டுகள். ஒரே மனிதன் இரண்டு மன்னர்களைக் காட்டிக்கொடுத்திருக்க முடியாது. தோல்விக்கு ஒரு துரோகி தேவைப்பட்டபோது, ஏற்கனவே கைவசம் இருந்த பெயரை எடுத்து ஒட்டிக்கொண்டோமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

தோற்ற படையின் ஆயுதம் என்ன, எதிரியிடம் பீரங்கி எத்தனை, அயலவர்கள் ஏன் உதவிக்கு வரவில்லை என்று ஆராய்வது கடினம். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் வேலை இலகுவாகிறது. இது ஏட்டோடு நின்றிருந்தால் குற்றமில்லை. 1970களிலிருந்து எமது அரசியல் மேடைகளில் எட்டப்பன் என்றும் துரோகி என்றும் பெயர் சூட்டப்பட்டவர்களுள் பலர் எம்மவராலேயே கொல்லப்பட்டார்கள். சிலர் மின்கம்பங்களில் கட்டப்பட்டுச் சுடப்பட்டனர். விசாரணை இல்லை, சாட்சி இல்லை. கழுத்தில் ஓர் அட்டை மட்டும் தொங்கியது.

அதற்குத் திரைப்படத்தைக் குறைகூற இயலாது. நாடகத்திற்கு ஒரு வில்லன் வேண்டும். பந்துலு அதைத் தந்தார், ராமசாமி அதைத் திறம்பட நடித்தார். அரங்கில் எழுப்பிய கூச்சலை வீதிக்கும் கொண்டுவந்தவர்கள் நாம்தான்.