சுவர் வீடும் அச்சுக்கல்லும்: அனுபமா குண்டூவின் கட்டடங்களில் எதைக் காப்பது?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவில்லில், 2000இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரு வீடு இருக்கிறது. 'சுவர் வீடு' என்று உலகக் கட்டடக்கலையாளர்கள் அறிந்த வீடு. வடிவமைத்தவர் அனுபமா குண்டூ. அதைக் காக்க வேண்டுமானால், அதற்குக் கல் அறுத்துச் சூளை வைத்த தொழிலறிவை முதலில் காக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் வாதம்.

1967இல் புனேயில் பிறந்த குண்டூ, மும்பை சர் ஜே.ஜே. கட்டடக்கலைக் கல்லூரியில் 1989இல் பட்டம் பெற்று, மறு ஆண்டே ஆரோவில் வந்தார். தமக்கென முதலில் கட்டிக்கொண்டது சவுக்குக் கழிகளைத் தேங்காய்நார்க் கயிற்றால் பிணைத்துக் கீற்று வேய்ந்த குடிசை. ஆரோவில் நகர்மன்றம் உள்ளிட்ட பொதுக் கட்டடங்கள் பின்னர் வந்தன. புதுச்சேரியில் ஆதரவற்ற குழந்தைகளுக்காக அவர் அமைத்த இல்லங்களில், பச்சை மண்ணால் எழுப்பிய வீட்டையே சூளையாக்கி உள்ளிருந்து சுட்டெடுக்கும், மட்பாண்டக் கலைஞர் ரே மீக்கரின் முறையைக் கையாண்டார். 2021இல் சார்லஸ் ஜெங்க்ஸ் விருதும் ஓகுஸ்த் பெரே பரிசும் கிடைத்தன.

சுவர் வீட்டுக்கு வருவோம். அதன் சுவர்கள் அச்சுக்கல்லால் ஆனவை. இயந்திரச் செங்கல்லைவிடச் சிறியது, மிக மெல்லியது; சுற்றுவட்டக் கிராமத்துச் சூளைகளில் கையால் அறுத்துச் சுட்டது. சுண்ணாம்புக் காரையில் வரிசை வரிசையாகப் படுத்திருக்கும் அந்தக் கல்தான் சுவருக்கு அதன் நெசவு போன்ற தோற்றத்தைத் தருகிறது. வளைகூரைக்கு ஒன்றுக்குள் ஒன்று செருகிய சுடுமண் குழாய்கள். தட்டைக் கூரையில் கான்கிரீட்டுக்கிடையே பானைகள். பானை இடத்தை அடைப்பதால் சிமெண்டும் கம்பியும் குறைகின்றன, குயவருக்கும் வேலை கிடைக்கிறது. இதை நான் அழகியல் தேர்வாக மட்டும் பார்க்கவில்லை. கட்டுமானச் செலவு கம்பெனிக்குப் போகாமல் ஊர்க் கூலியாகத் தங்குவதற்கான பொருளாதாரத் தேர்வு அது.

வரைபடங்கள் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் திரும்பக் கட்டலாமே என்று ஒருவர் மறுக்கக்கூடும். 2012 வெனிஸ் கட்டடக்கலைப் பெருவிழாவில் இந்த வீடு முழு அளவில் மீண்டும் கட்டப்பட்டது உண்மைதான். ஆனால் அங்கே வரைபடம் மட்டும் போகவில்லை. இந்தியக் கைவினைஞர்களும் போனார்கள். ஆஸ்திரேலிய, இத்தாலிய மாணவர்கள் அவர்களோடு சேர்ந்து கட்டினார்கள். சுண்ணாம்பு எவ்வளவு நாள் ஊற வேண்டும், எந்தப் பதத்தில் காரை கரண்டியில் நிற்கும் என்பது தாளில் ஏறுவதில்லை.

இலங்கைக் கட்டடக்கலைஞர் மினெட் டி சில்வாவை (1918–1998) இங்கே நினைக்காமல் இருக்க முடியாது. அவரும் பம்பாய் ஜே.ஜே.யில் பயின்றவர், 1948இல் பிரிட்டனின் அரச கட்டடக்கலை நிறுவனத்தில் இணை உறுப்பினரானவர், கண்டிப் பகுதியின் தும்பறைப் பாய் நெசவையும் மண்பாண்டத் தொழிலையும் தம் வீடுகளுக்குள் கொண்டுவந்தவர். அவருடைய கட்டடங்கள் பல அழிந்தன. கண்டியில் அவர் வாழ்ந்த வீடே சிதைந்துபோனது. புகழ் ஒரு கட்டடத்துக்குக் காவலாகாது.

சட்டமும் உதவாது. 1958ஆம் ஆண்டின் மத்தியத் தொல்சின்னச் சட்டம் குறைந்தது நூறாண்டு நின்றதையே தொல்சின்னமாக ஏற்கிறது. சுவர் வீடு அந்த வரம்பை எட்ட 2100 ஆகும். அதுவரை அச்சுக்கல் சூளைகள் காத்திருக்குமா? ஒரு கல் பெயர்ந்தால் மாற்றுக்கல் எங்கிருந்து வரும்? குண்டூவைப் பற்றிய எழுத்துகளில் அவர் பெயர் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். கல் அறுத்தவர், குழாய் வனைந்த குயவர், கொத்தனார், சித்தாள் ஆகியோரின் பெயர்களோ அரிதாகவே தென்படுகின்றன. இது ஆய்வுலகின் பெருங்குறை.

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. அவற்றின் மாணவர்கள் வானூர் வட்டத்துக் கொத்தனார்களிடமும் குயவர்களிடமும் உட்கார்ந்து, கல்லின் அளவு, மண்ணின் கலவை, சூளையின் அடுக்கு, காரையின் பதம் ஆகியவற்றை, சொன்னவர் பெயரோடு, தமிழில் எழுதிவைக்க வேண்டும். அந்தக் கைகள் இருக்கும்போதே இந்த வேலையைத் தொடங்குங்கள்.