ஹொலஷோவிட்செ: மனைக்கோடு மாறாத ஊர்

செக் குடியரசின் தென்பகுதியில் செஸ்கே புத்யெயோவிட்செ என்று ஒரு நகரம் இருக்கிறது. அதற்கு மேற்கே சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி, வயல்களுக்கு நடுவே ஹொலஷோவிட்செ. ஏறக்குறைய 140 பேர் வாழும் சிற்றூர். தனி ஊராட்சிகூடக் கிடையாது, பக்கத்திலுள்ள யாங்கோவ் ஊராட்சியில் சேர்ந்தது. சுற்றிலும் மீன்குளங்கள் நிறைந்த தாழ்நிலம். தெற்கே பார்த்தால் ப்ளான்ஸ்கி லெஸ் மலைக்காடும் அதன் உச்சியான க்லெட் சிகரமும் தெரியும். சிகரத்தின் உயரம் 1,084 மீட்டர். இந்தச் சின்ன ஊரை 1998-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. கோட்டையோ அரண்மனையோ இங்கே இல்லை. ஊரின் அமைப்புக்காகவும் வீடுகளுக்காகவும் கிடைத்த பெருமை அது.

ஊருக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது நடுவிலுள்ள புல்வெளி. நம் ஊர் மந்தை மாதிரி எல்லாருக்கும் பொதுவானது. நீளம் 210 மீட்டர், அகலம் 70 மீட்டர். அதில் ஒரு குளம் உண்டு. 1755-இல் கட்டிய நெபோமுக் புனித யோவான் சிற்றாலயமும் அங்கேதான். அரசன் ஆணையால் 1393-இல் பிராகா நகரத்து ஆற்றில் தள்ளிக் கொல்லப்பட்டவர் இந்த யோவான். அந்நாட்டார் அவரை வெள்ளத்திலிருந்து காப்பவராகக் கும்பிடுகிறார்கள். குளமும் ஈரநிலமும் சூழ்ந்த ஊர், தன் காவலுக்கு அவரைத் தேர்ந்துகொண்டது பொருத்தம்தான். புல்வெளியைச் சுற்றி வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒவ்வொரு மனையும் மந்தைப் பக்கம் குறுகலாகத் தொடங்கிப் பின்னால் நீண்டு போகிறது: முதலில் வீடு, பிறகு முற்றம், தொழுவம், களஞ்சியம், தோட்டம், அப்புறம் வயல்.

இந்த மனைக்கோடுகள் நடுக்காலத்தில் போட்டவை. மனிதர்கள்தான் மாறினார்கள், அதுவும் இரண்டு முறை. ஊரின் வரலாறு என்று நான் சொல்ல வருவது இதைத்தான்.

ஹொலஷோவிட்செயின் பெயர் ஏட்டில் முதன்முதலாகத் தென்படுவது 1263-இல். 1292-இல் அரசர் இரண்டாம் வாக்லாவ், விஷ்ஷி ப்ரோட் என்ற சிஸ்டர்சியன் மடத்துக்கு ஊரை மானியமாகக் கொடுத்தார். அன்று முதல் 1848 வரை, ஐந்தரை நூற்றாண்டுக்கும் மேலாக அது மடத்து ஊர். நடுவே 1520 முதல் 1525 வரை கொள்ளைநோய் வந்து போனபோது எஞ்சியவர்கள் இரண்டே பேர். மடம் பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் குடிகளைக் கொண்டுவந்து குடியமர்த்தியது. 1530-இல் ஊரில் 17 பேர் இருந்தார்கள். ஜெர்மன் பேசிய அந்தப் புதுக் குடிகள், செத்தவர்களின் மனையிலேயே அடுப்பு மூட்டினார்கள். ஊர்ப்பெயரையும் மாற்றவில்லை; தங்கள் நாக்குக்கு ஏற்ப ஹோல்ஷோவிட்ஸ் என்றார்கள், அவ்வளவே. 1895-இல் எடுத்த கணக்கில் 157 ஜெர்மானியர், 19 செக் மக்கள்.

இன்று உலகம் வந்து பார்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை அந்த ஜெர்மானிய உழவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டியவை. 1848-இல் மடத்துக்கான கட்டாய வேலை ஒழிந்து நிலம் கைக்கு வந்ததும், காசு வீட்டு முகப்பில் இறங்கியது. தேவாலயத்திலும் மாளிகையிலும் பார்த்த வளைவுகளை உள்ளூர்க் கொத்தனார்கள் சுதையில் வரைந்தார்கள். நகரங்களில் பரோக் பாணி வழக்கொழிந்து நூறாண்டு ஆன பிறகு, இங்கே மணி போலவும் அலை போலவும் வளைந்த முகப்புகள் எழுந்தன. மஞ்சளும் வெளிர்பச்சையும் இளஞ்சிவப்புமாகச் சுவர், வெள்ளையில் விளிம்பு. கட்டிய ஆண்டைச் சில முகப்புகள் நெற்றியிலேயே தாங்கி நிற்கின்றன.

ஒரு வீட்டு வாசலில் கொஞ்சம் நின்று பார்ப்போம். முகப்பு ஒன்றல்ல, இரண்டு. நடுவே வண்டி நுழையும் வளைவு வாசல், பக்கத்தில் ஆள் நுழையச் சின்னக் கதவு. ஒரு முகப்புக்குப் பின்னால் குடும்பம் வாழும் வீடு. மற்றொன்றுக்குப் பின்னால் தானியக் கிடங்கு, அதோடு சேர்ந்து விமினெக். பண்ணையை மகனிடம் ஒப்படைத்த கிழவனும் கிழவியும் கடைசிவரை இருந்த பகுதிக்குத்தான் அந்தப் பெயர். ஒப்படைக்கும்போதே ஆண்டுக்கு எவ்வளவு தானியம், எவ்வளவு பால், எவ்வளவு விறகு என்று எழுதிப் பதிவு செய்துவிடுவது அந்த நாட்டு வழக்கமாக இருந்தது. பெற்றவர்களுக்கு உரியது பிள்ளையின் மனநிலையைப் பொறுத்ததாக இல்லாமல் பத்திரத்தில் நின்றது. அந்த முகப்பு, மகன் வீட்டு முகப்புக்குக் குறையாத அழகோடு மந்தையைப் பார்த்து நிற்பதைக் கண்டால் எனக்கு மனம் நிறைந்துபோகிறது.

இரண்டாம் முறை ஊர் காலியானது நோயால் அல்ல. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் செக்கோஸ்லோவாக்கியா தன் ஜெர்மானியக் குடிகளை வெளியேற்றியது. நாடு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ முப்பது லட்சம் பேர். நாஜிகள் அந்த மண்ணில் செய்த கொடுமைகளின் கோபம் அதன் பின்னால் இருந்தது. ஆனாலும் நானூறு ஆண்டு உழுத குடும்பங்கள் மூட்டையோடு போயின என்பதை இந்த ஊரின் வரலாற்றில் மென்று விழுங்கக் கூடாது. முகப்புகளின் அழகைச் சொல்லிவிட்டு, கட்டியவர்களைச் சொல்லாமல் விட்டால் அது பாதி வரலாறு.

பல பண்ணைகள் பூட்டிக் கிடந்தன. கூரை ஒழுகியது, சுதை உதிர்ந்தது. அந்தக் கைவிடப்பட்ட நிலைதான் ஒரு வகையில் காப்பாகவும் இருந்தது: இடித்துக் கட்ட ஆளில்லாததால் பழைய சுவர்கள் பழையபடியே நின்றன. 1990-க்குப் பிறகு செக் குடும்பங்கள் ஒவ்வொரு வீடாகப் பழுதுபார்த்துக் குடியேறின. மனைகளை இணைக்கவில்லை, பிரிக்கவுமில்லை. நடுக்காலக் கோட்டுக்குள்ளேயே பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சுவரை எழுப்பி நிறுத்தினார்கள்.

ஜூலை மாதக் கடைசியில் உழவர் திருவிழா நடக்கிறது. மரம் செதுக்குபவர்கள், பானை வனைபவர்கள், கொல்லர்கள் எல்லாரும் அந்த 210 மீட்டர் புல்வெளியில் கடை விரிக்கிறார்கள். கூட்டம் கலைந்த மறுநாள் மந்தையில் மறுபடியும் குளமும் சிற்றாலயமும்தான். சுற்றிலும் இரட்டை முகப்புகள், நடுவே வளைவு வாசல்கள்.