மருத்துவமனைப் பராமரிப்புப் பணியாளர்களின் பணிச்சுமையும் உடல் நலமும்

மருத்துவமனையில் நோயாளியைப் புரட்டிப் படுக்க வைத்தல், ஸ்ட்ரெச்சருக்கு மாற்றுதல், கழிப்பறைக்கு அழைத்துச் செல்லுதல், இரவு முழுவதும் கண்காணித்தல் ஆகிய பணிகளைச் செவிலியர்களும் மருத்துவமனைப் பணியாளர்களும் நாள்தோறும் மேற்கொள்கின்றனர். இப்பணிகளால் ஏற்படும் முதுகுவலி, தோள்பட்டை வலி, கால் வீக்கம், தூக்கமின்மை ஆகியவை தொழில்சார்ந்த பாதிப்புகளாகும். இவற்றைப் பெருமளவு தடுக்க இயலும். களைப்படைந்த பணியாளர் கவனக்குறைவால் மருந்தளவில் தவறு செய்யவும், நோயாளியைக் கீழே தவறவிடவும் கூடும். எனவே பணியாளரின் நலம் நோயாளியின் பாதுகாப்போடு நேரடித் தொடர்புடையது.

முதுகு ஏன் பாதிக்கப்படுகிறது?

சுமை உடலிலிருந்து விலகி இருக்கும் அளவிற்கு, கீழ் முதுகின் தசைகளும் எலும்பிடை வட்டுகளும் தாங்க வேண்டிய விசை பெருகுகிறது. படுக்கையின் மேல் குனிந்து, கைகளை நீட்டி, உடலைத் திருப்பியவாறு தூக்கும்போது இவ்விசை மிக அதிகமாகிறது. மேலும், நோயாளி ஒரு பெட்டியைப் போன்றவர் அல்லர். அவருக்குப் பிடிப்பதற்கான கைப்பிடி இல்லை. அவர் திடீரென அசையலாம், வலியால் துடிக்கலாம், நிலைகுலையலாம்.

அமெரிக்கத் தேசியப் பணிசார் பாதுகாப்பு மற்றும் நலவாழ்வு நிறுவனத்தின் தூக்குதல் கணக்கீட்டின் அடிப்படையில், நோயாளியைக் கையாளும் ஒருவர் தாங்கக்கூடிய எடையின் உச்சவரம்பு சுமார் 16 கிலோ எனப் பரிந்துரைக்கப்பட்டுள்ளது. தானாக அசைய இயலாத 60 கிலோ எடையுள்ள நோயாளியை இருவர் தூக்கினால், ஒவ்வொருவருக்கும் 30 கிலோ வருகிறது. இது வரம்பைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. "சரியான முறையில் தூக்கினால் போதும்" என்ற எண்ணம் இதனாலேயே போதுமானதன்று. கூடுதல் ஆட்களோ கருவிகளோ தேவை.

நோயாளியை இடம் மாற்றும்போது கவனிக்க வேண்டியவை

• படுக்கை, ஸ்ட்ரெச்சர், சக்கர நாற்காலி ஆகியவற்றின் பிரேக்குகளை முதலில் பூட்டவும்.
• உயரத்தை மாற்றக்கூடிய படுக்கையாயின், அதனை இடுப்பளவு உயர்த்திக்கொள்ளவும்.
• செய்யவிருப்பதை நோயாளியிடம் விளக்கவும். முழங்காலை மடக்கிப் பாதத்தால் உந்த அவரால் இயலுமாயின், சுமை கணிசமாகக் குறையும்.
• தூக்குவதைத் தவிர்த்து, உடலின் கீழ் விரித்த குறுக்கு விரிப்பையோ நழுவு பலகையையோ பயன்படுத்தி நகர்த்தவும்.
• நோயாளியின் அக்குளைப் பற்றித் தூக்க வேண்டாம். உங்கள் கழுத்தைக் கட்டிக்கொள்ள அவரை அனுமதிக்கவும் வேண்டாம்.
• ஒருவர் எண்ணிக்கை சொல்ல, அனைவரும் ஒரே நேரத்தில் நகர்த்தவும். இடுப்பைத் திருப்பாமல் பாதங்களை நகர்த்தித் திரும்பவும்.
• நிற்கும் நோயாளி சரிந்தால், முழு எடையையும் தாங்கிப் பிடிக்க முயல வேண்டாம். தலைக்கு அடிபடாதவாறு மெல்லத் தரையில் இறக்கி, உதவிக்கு அழைக்கவும்.
• உதவிக்கு வரும் உறவினர்களுக்கும் இம்முறைகளை விளக்கவும். பயிற்சியின்றித் தூக்கும் அவர்களும் காயமடையலாம்.

நீண்ட நேரம் நிற்பதும் நடப்பதும்

குதிகால் வலி, நரம்புச் சுருட்டல், கால் வீக்கம் ஆகியவை இதனால் தோன்றலாம் அல்லது அதிகரிக்கலாம். பாதத்தைத் தாங்கும், வழுக்காத அடிப்பாகமுள்ள காலணியை அணியவும். குறிப்பேடுகளை எழுதும் வேலையை அமர்ந்து செய்யவும். கழிப்பறைக்குச் செல்ல நேரமில்லை என்று தண்ணீர் அருந்தாமலிருப்பதும் சிறுநீரை அடக்குவதும் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்கு வழிவகுக்கலாம்.

இரவுப் பணி

பல மருத்துவமனைகளில் இரவுப் பணி 12 மணி நேரம் வரை நீள்கிறது. உடலின் உயிரியல் கடிகாரம் இரவில் உறங்கவே பழகியுள்ளது. பணிக்கு முன் பிற்பகலில் சிறிது உறங்கவும். மாற்றுப் பணியாளர் இருக்கும் இடைவேளையில் 20 நிமிடம் கண்ணயர்வது விழிப்பை மேம்படுத்தும். உறங்கச் செல்வதற்கு 6 மணி நேரம் முன்பே தேநீர், காபி அருந்துவதை நிறுத்தவும். தூக்கக் கலக்கத்தில் இருசக்கர வாகனம் ஓட்டுவதைத் தவிர்த்துப் பேருந்திலோ துணையுடனோ வீடு திரும்பவும். பகலில் இருளான, அமைதியான அறையில் உறங்கும் நேரத்தைக் குடும்பத்தினர் மதித்து நடப்பது அவசியம்.

மனச்சோர்வும் பணிச் சலிப்பும்

தீராத களைப்பு, பணியின் மீது விலகல் அல்லது வெறுப்பு, திறன் குறைந்ததாக உணர்தல் ஆகிய மூன்றையும் பணிச் சலிப்பின் கூறுகளாக உலக சுகாதார நிறுவனம் வரையறுத்துள்ளது. இது சமாளிக்கப்படாத நீடித்த பணி அழுத்தத்தின் விளைவு, தனிமனிதரின் பலவீனமன்று. சக பணியாளரிடமும் மேற்பார்வையாளரிடமும் மனம்விட்டுப் பேசவும். மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம்.

எப்போது மருத்துவரை அணுக வேண்டும்?

பெரும்பாலான முதுகுவலி சில வாரங்களில் குறையும். முழு ஓய்வாகப் படுத்திருப்பதைவிட இயன்ற அளவு நடமாடுவதே நல்லது. வலி சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, காலுக்குப் பரவினாலோ, காய்ச்சலுடன் இருந்தாலோ மருத்துவரை அணுகவும். கால்கள் வலுவிழத்தல், பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போதல், சிறுநீர் அல்லது மலத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, சிறுநீர் வெளியேறாமை ஆகியவை அவசர நிலைகளாகும். உடனடியாக மருத்துவமனைக்குச் செல்லவும்.

நிர்வாகத்தின் பொறுப்பு

அறிவுரையும் பயிற்சியும் மட்டும் காயங்களைத் தடுப்பதில்லை. போதிய பணியாளர் எண்ணிக்கை, நகர்த்தும் கருவிகள், பழுதற்ற சக்கரங்கள், உறுதியான இடைவேளை ஆகியவற்றை நிர்வாகம் வழங்க வேண்டும். கருவுற்ற பணியாளர்கள் தங்கள் நிலையை முன்கூட்டியே தெரிவித்து, கடின வேலையிலிருந்தும் நீண்ட நேரம் நிற்பதிலிருந்தும் விலக்குக் கோரலாம். சிறு காயமாயினும் அதே பணி நேரத்தில் பதிவேட்டில் பதிவு செய்யவும். பதிவான காயமே அடுத்த பணியாளருக்கு ஏற்படவிருக்கும் காயத்தைத் தடுக்க உதவும்.