அரை சாக்

டெக்ஸாஸில் வெள்ளிக்கிழமை ராத்திரி என்றால் ஃபுட்பால்தான். டல்லாஸுக்கு வடக்கே நாங்கள் குடியிருக்கும் ஊரில், உயர்நிலைப் பள்ளி மைதானத்தின் மேல்படிக்கட்டுக்கும் மேலே பெட்டி மாதிரி ஓர் அறை இருக்கிறது. மூன்று வருஷமாக அங்கே மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் பையன்களின் தடுப்பாட்டக் கணக்கை எழுதுகிறேன். பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பைனாகுலரோடு நிற்பார். “நாற்பத்து நான்கு, கூட ஐம்பத்தொன்று” என்பார். 44-க்கு ஒரு கோடு, 51-க்குத் துணை என்ற கட்டத்தில் ஒரு கோடு. பென்சிலை எடுப்பதற்குள் அடுத்த ஆட்டம் வந்துவிடும்.

பந்தை வீசத் தயாராகும் குவாட்டர்பேக்கை, வீசும் முன்பே ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னால் வீழ்த்தினால் அது சாக். இரண்டு பேர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்கு அரை. மூன்றில் ஒரு பங்கு என்ற கணக்கே இந்த விளையாட்டில் கிடையாது.

போன அக்டோபரில் அது எனக்குப் பெரிய சிக்கலாகிவிட்டது. நடுவில் நிற்கும் 72, தன்னைத் தடுத்த இரண்டு பேரையும் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே குவாட்டர்பேக் மேல் போய் மோதினான். குவாட்டர்பேக் திரும்பி ஓடப் பார்த்தான். பக்கவாட்டிலிருந்து வந்த 44-ம் 51-ம் அவனை மடக்கிச் சாய்த்தார்கள். ஆசிரியர் சொன்ன இரண்டு எண்களுக்கும் அரை அரை எழுதினேன். சனிக்கிழமை காலை வீடியோவைப் போட்டுப் பார்த்தால், குவாட்டர்பேக் விழும்போது அவன் சட்டையின் இடுப்புப் பக்கத்தை 72 கொத்தாகப் பிடித்திருக்கிறான். பயிற்சியாளரைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அரை இரண்டுதான் சார். யாருக்கு என்று நீங்களே சொல்லுங்கள்” என்றார்.

அன்றைக்குத்தான் இந்தக் கணக்கு எப்போது, யாரால் வந்தது என்று தேடிப் படிக்க உட்கார்ந்தேன்.

தொழில்முறை லீக்கான என்எஃப்எல் அதிகாரபூர்வமாகப் புள்ளிவிவரம் எழுதத் தொடங்கியது 1932-ல். ஓடியவன், வீசியவன், பிடித்தவன் எல்லோருக்கும் கணக்கு இருந்தது. தடுத்தவனுக்கு இல்லை. எதிரி வீசிய பந்தைப் பறிக்கும் இன்டர்செப்ஷன் மட்டும் 1940-ல் ஏட்டில் ஏறியது. பந்து கை மாறுவது எல்லோர் கண்ணிலும் படுமே! அதனால்தான் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் டிக் ‘நைட் டிரெய்ன்’ லேன் 1952-ல், தன் முதல் வருஷத்திலேயே, 12 ஆட்டங்களில் 14 பந்துகளைப் பறித்த சாதனை இன்றும் பட்டியலின் உச்சியில் நிற்கிறது. அதே காலத்தில் குவாட்டர்பேக்கைத் துரத்தித் துரத்தி வீழ்த்தியவர்களுக்குப் பெயர் சொல்ல ஒரு எண்கூடக் கிடையாது.

அந்த வேலைக்குப் பெயர் வாங்கித் தந்தவர் டீக்கன் ஜோன்ஸ். ஃபுளோரிடாவின் ஈட்டன்வில் என்ற சின்ன ஊர்க்காரர். 1961-ல் அணிகள் புது ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது ராம்ஸ் அவரை 14-வது சுற்றில்தான் எடுத்தது. வேறு யாரையோ பார்க்கப் போட்ட படச்சுருளில், பந்தோடு ஓடுகிறவனையே எட்டிப் பிடிக்கும் இந்தப் பெரிய உடம்புக்காரர் கண்ணில் பட்டாராம். மெர்லின் ஓல்சன், ரோஸி கிரியர், லமார் லண்டி ஆகியோரோடு அவர் நின்ற வரிசைக்கு ‘ஃபியர்சம் ஃபோர்சம்’ என்று பெயர். எதிரில் நிற்பவரின் ஹெல்மெட்டில் உள்ளங்கையால் ஓங்கி ஓர் அறை விட்டு, அவர் கண் சிமிட்டும் நேரத்தில் தாண்டிப் போவது ஜோன்ஸின் பாணி. 1977-ல் அதைத் தடை செய்தார்கள்.

‘சாக்’ என்ற சொல்லையும் பரப்பியவர் அவர்தான். எதிரணி ஆட்களையெல்லாம் ஒரு கோணிப்பைக்குள் போட்டு அடித்துத் துவைப்பது போல என்று ஒரு தடவை சொல்வார். ஊருக்குள் புகுந்து சூறையாடுவது போல என்று இன்னொரு தடவை சொல்வார். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் அந்த ஒரே சொல்தான். தன் வேலைக்குத் தானே பெயர் வைக்க வேண்டிய நிலை அந்த மனிதருக்கு இருந்தது. அவர் ஆடிய காலத்தில் அணி மொத்தமாக எத்தனை தடவை வீழ்த்தியது என்று மட்டுமே எழுதினார்கள். வீழ்த்தியது யார் என்று எழுதவில்லை.

ஆளுக்கு ஆள் சாக் எழுதத் தொடங்கியது 1982-ல். அந்த வருஷம் ஆட்டக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்ததால் அணிக்கு ஒன்பது ஆட்டம்தான் நடந்தது. ஜோன்ஸ் விளையாட்டை விட்டு எட்டு வருஷம் ஆகியிருந்தது. 1980-லேயே ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்துவிட்டார்கள். ஆனால் என்எஃப்எல் ஏட்டில் அவர் பேருக்கு நேரே ஒரு சாக்கூட இல்லை. நியூயார்க் ஜயன்ட்ஸின் லாரன்ஸ் டெய்லருக்கும் ஒரு வருஷத்துக்கு இதே கதிதான். 1981-ல், முதல் வருஷத்தில், அவர் எடுத்த ஒன்பதரை ஏட்டில் ஏறவில்லை. அதிகாரபூர்வக் கணக்கில் அவருக்கு 132.5.

நான் மனசாரக் கும்பிடுவது ஜான் டர்னி, நிக் வெப்ஸ்டர் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்களை. பழைய படச்சுருள்களையும், அணிகள் வைத்திருந்த ஆட்டக் குறிப்புகளையும் பல வருஷம் உட்கார்ந்து துழாவியவர்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் குவாட்டர்பேக் விழுந்த இடத்தைக் கண்டுபிடித்து, விழ வைத்தது யார் என்று எழுதினார்கள். சனிக்கிழமை ஒரு வீடியோவுக்கே எனக்கு அரை மணி நேரம் போனது. 1960 முதலான அந்தக் கணக்கு 2021-ல் புரோ ஃபுட்பால் ரெஃபரென்ஸ் தளத்தில் வெளியானது. அதில் ஜோன்ஸுக்கு 173.5. புரூஸ் ஸ்மித்தின் 200-க்கும் ரெஜி வைட்டின் 198-க்கும் அடுத்த, மூன்றாவது இடம். டெட்ராய்ட் லயன்ஸின் அல் ‘பப்பா’ பேக்கர் 1978-ல், முதல் வருஷத்திலேயே, 23 எடுத்திருக்கிறார் என்பதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. 2001-ல் மைக்கேல் ஸ்ட்ராஹன் புதிய சாதனை என்று கொண்டாடப்பட்டதோ இருபத்திரண்டரைக்கு. லீக் இந்தப் பழைய எண்களைத் தன் ஏட்டில் சேர்க்கவில்லை. ஜோன்ஸ் 2013-லேயே காலமாகிவிட்டார். 173.5 என்ற எண்ணை அந்தப் பட்டியலில் அவர் பார்க்கவே இல்லை.

டேக்கிள் கதை இதைவிட வருத்தம். கபடியில் பாடி வருபவனை மடக்குவது போல, பந்தோடு வருபவனைப் பிடித்து வீழ்த்துவது; தடுப்பாட்டக்காரனின் அன்றாட வேலையே அதுதான். இன்றுவரை என்எஃப்எல் அதை அதிகாரபூர்வ எண்ணாக ஏற்கவில்லை. சொந்த மைதானத்து அணி வைக்கும் ஆட்கள், எங்களைப் போலவே மேலே ஓர் அறையில் உட்கார்ந்து, கண்ணில் பட்டதை எழுதுகிறார்கள். ஒரு மைதானத்தில் துணை என்று தாராளமாகக் கொடுப்பார்கள், இன்னொன்றில் கொடுக்க மாட்டார்கள். பயிற்சியாளர்கள் திங்கட்கிழமை படத்தைப் பார்த்து எழுதும் எண் வேறாக இருக்கும்.

கல்லூரி ஆட்டத்திலோ தடுப்பாட்டக் கணக்கு அதிகாரபூர்வமானதே 2000-ல்தான். அலபாமா பல்கலைக்கழகத்தின் டெரிக் தாமஸ் 1988-ல் ஒரே பருவத்தில் 27 சாக் எடுத்தார். சாதனைப் பட்டியலில் இருப்பது 2002-ல் டெரல் சக்ஸ் எடுத்த 24. பிற்பாடு இதே தாமஸ், கான்சஸ் சிட்டிக்காக 1990 நவம்பர் 11 அன்று ஒரே ஆட்டத்தில் ஏழு தடவை சியாட்டில் குவாட்டர்பேக் டேவ் கிரேக்கை வீழ்த்தினார். அதே ஆட்டத்தின் கடைசி முயற்சியில் எட்டாவதும் கைக்குள் வந்துவிட்டது. கிரேக் நழுவி, நிமிர்ந்து, பந்தை வீசினார். சியாட்டில் 17-16 என்று ஜெயித்தது. ஏழு என்பது இன்றும் சாதனைதான். ஏட்டில் இருக்கிறது.

நான் வீடியோவை இன்னும் நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். 44-இன் தோள் முதலில் படுகிறது. 51 வந்து சேரும்போது குவாட்டர்பேக்கின் முழங்கால் ஏறக்குறையத் தரையில். 72-இன் பிடி கடைசிவரை விடவில்லை. திங்கட்கிழமை 51-இன் அரையை அழித்துவிட்டு 72-க்கு எழுதிக் கொடுத்தேன்.

51 என் மகன். ஏன் என்று அவன் இன்னும் கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை மேலே ஏறும்போது அந்த வீடியோவைப் போனில் போட்டு அவனிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.