பாட்டி தோற்றது மறதியிலா, படிப்பிலா?

முதியவர்களின் ஞாபகத்தைச் சோதிக்கும் ஒரு கேள்வித்தாளின் கதையைத்தான் இன்னிக்கு சொல்லப்போறேன்.

1975ல் அமெரிக்காவில் மார்ஷல் ஃபோல்ஸ்டீன், சூசன் ஃபோல்ஸ்டீன், பால் மெக்ஹ்யூ மூவரும் 'மினி மென்டல் ஸ்டேட் எக்ஸாமினேஷன்' என்ற சோதனையை வெளியிட்டார்கள். மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி? 100லிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள். 'கண்ணை மூடுங்கள்' என்று எழுதியிருப்பதைப் படித்து, அதன்படி செய்யுங்கள். ஒரு வாக்கியம் எழுதுங்கள். சில நிமிஷத்தில் முடிந்துவிடும். அதனாலேயே உலகம் முழுக்கப் பரவியது.

சரி, பள்ளிக்கூடமே போகாத பாட்டியிடம் இதைக் கொடுத்தா? மதிப்பெண் குறைவது மறதியாலா, படிக்காததாலா?

ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்த மேரி கங்குலி குழுவினருக்கு இதுதான் சிக்கல். 1995ல் அவர்கள் இந்தி வடிவத்தை வெளியிட்டார்கள். வெறும் மொழிபெயர்ப்பு இல்லை அது. படிக்கச் சொல்வதற்குப் பதிலா, சோதிப்பவர் கண்ணை மூடிக் காட்டுவார். பார்த்து அப்படியே செய்தால் போதும். வாக்கியத்தை எழுத வேண்டாம், வாயால் சொல்லலாம்.

என்னைப் பொறுத்தவரை இது சின்ன மாற்றமில்லை. அளவுகோல் தப்பானால், தெளிவா இருக்கிறவங்க மேலயும் நோயாளின்னு முத்திரை விழும். அதனால உங்க வீட்டுப் பெரியவருக்கு மார்க் குறைஞ்சா, பயப்படறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட ஒண்ணு சொல்லுங்க: அவங்க எதுவரைக்கும் படிச்சவங்கன்னு.