சென்னை ஆர்மீனியரின் மனுவும் சாசனமும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தண்டலம், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரத்தில் கொரிய, ஜப்பானிய நிறுவனங்கள் அரசோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டு ஆலை அமைப்பது 1990களுக்குப் பின் வந்த வழக்கம் என்றாலும், அயல்நாட்டு வணிகர் ஆள்வோரிடம் எழுத்துவழிச் சலுகை பெற்றுத் தொழில் நடத்தும் முறை சென்னைக்கு மூன்று நூற்றாண்டுக்கும் மேல் பழையது. அவ்வாறு வந்தவருள் ஆர்மீனியரின் நிலை தனியானது. ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் முதுகுக்குப் பின்னால் ஓர் அரசு நின்றது. நாட்டைப் பாரசீகத்திடமும் துருக்கியிடமும் இழந்திருந்த ஆர்மீனியருக்கு மனுவும் பணமுமே துணை.

பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் 1604-05இல் அராஸ் ஆற்றங்கரை ஜுல்ஃபா நகர மக்களைப் பெயர்த்து இஸ்ஃபஹானுக்கு அருகே குடியேற்றினார். புதிய ஜுல்ஃபா எனப்பட்ட அக்குடியிருப்பிலிருந்தே பட்டு வணிகர் சூரத், சென்னை, மணிலா வரை பரவினர். தரைவழியே சென்ற அவர்கள் சரக்கைத் தன் கப்பல்களுக்குத் திருப்ப விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனி, 1688இல் லண்டனில் கோஜா பானோஸ் கலந்தார் என்னும் வணிகருடன் உடன்படிக்கை செய்தது. அதன்படி கம்பெனியின் நகரங்களில் ஆர்மீனியர் ஆங்கிலேயருக்கு ஒப்பான உரிமையோடு வீடு நிலம் வாங்கலாம். நாற்பது பேர் கூடிய இடத்தில் தேவாலயத்துக்கு நிலமும், குருவுக்கு ஏழாண்டு காலம் ஆண்டுக்கு 50 பவுண்டும் கிடைக்கும்.

இந்த உரிமை எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைக் கோஜா பெட்ரூஸ் உஸ்கானின் வாழ்க்கை காட்டுகிறது. மணிலாவிலிருந்து 1723இல் சென்னைக்கு வந்த அவர், 30,000 வராகன் செலவில் அடையாற்றின் குறுக்கே சைதாப்பேட்டையில் 1726இல் பாலம் கட்டி, பராமரிப்புக்கென 1,500 வராகனும் ஒதுக்கினார். பரங்கிமலை ஏறும் படிகளும் அவர் திருப்பணியே. மறைமலை அடிகள் பாலம் அங்கே எழுந்துவிட்ட பின்பும் அவருடைய கல்வெட்டு சாலையோரம் நிற்கிறது. பிரெஞ்சுக்காரர் 1746இல் சென்னையைக் கைப்பற்றியபோது, தம் பக்கம் வருமாறு பிரெஞ்சு ஆளுநர் டூப்ளே அழைத்தும் உஸ்கான் மறுத்துச் சொத்தை இழந்தார். ஆயினும் 1749இல் நகரத்தைத் திரும்பப் பெற்ற கம்பெனி, பகைவருக்கு உடந்தையானவர் என்ற ஐயத்தின் பேரில், கோட்டைக்குள் ஐரோப்பியர் வாழ்ந்த வெள்ளையர் நகரத்திலிருந்து ஆர்மீனியரையும் கத்தோலிக்கரையும் வெளியேற்ற முடிவு செய்தது. உஸ்கான் 1751இல் இறந்து, தாம் கட்டிய வேப்பேரிச் சிற்றாலயத்தில் அடக்கமானார். மறு ஆண்டே அவ்வாலயம் புராட்டஸ்டண்டு சபையிடம் போயிற்று. கோட்டைக்குள் இன்று தொல்லியல் துறை அலுவலகம் இயங்கும் கிளைவ் மாளிகையும் ஒரு காலத்தில் ஆர்மீனியர் வீடே.

புரவலரின் தயவை நம்பிய அரசியலின் எல்லையை அடுத்த தலைமுறை இங்கேதான் கற்றது எனலாம். ஷாஹமீர் ஷாஹமீரியன் என்னும் செல்வர் 1772இல் சென்னையில் ஆர்மீனிய அச்சகம் நிறுவினார். தாயகத்தை விடுவிக்க எழுமாறு இளைஞரைத் தூண்டும் அறிவுரை நூல் ஒன்று அவ்வாண்டே மோவ்செஸ் பக்ராமியன் என்பவரின் துணையோடு வெளிவந்தது. அடுத்து, 1773 என்று ஆண்டு குறித்த ‘புகழின் பொறி’ என்னும் நூல், இன்னும் பிறவாத ஆர்மீனியக் குடியரசுக்கு 521 விதிகள் கொண்ட சாசனத்தை வகுத்தது. ஆள்பவர் தேர்ந்தெடுக்கப்பட்ட அவைக்குக் கட்டுப்பட்டவர். ஆர்மீனியராயினும் வேற்றினத்தவராயினும், அங்கே பிறந்தவராயினும் வந்து குடியேறியவராயினும், ஆணாயினும் பெண்ணாயினும் சமம் என்பது அதன் தொடக்க விதிகளுள் ஒன்று. வந்தேறி என்று வெளியேற்றப்பட்ட சமூகத்தின் நூலில் இவ்விதி இடம்பெற்றது தற்செயல் என்று கொள்வது கடினம்.

ஆர்மீனியத் திருச்சபையின் தலைவரான எச்மியாட்சின் கத்தோலிக்கோஸ் சிமியோன், அறிவுரை நூலை எரிக்கக் கட்டளையிட்டுப் பக்ராமியனைச் சபைவிலக்கும் செய்தார். அவர் அச்சம் வீணானதன்று; சென்னையில் அச்சிட்டவருக்கும் பாரசீகப் படைக்கும் இடையே கடல் கிடந்தது, அவருடைய மடத்துக்கோ எந்த வேலியும் இல்லை. ஷாஹமீரோ ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்லேக்குக் கடிதமும் காணிக்கையும் அனுப்பிப் பிரபுப் பட்டம் பெற்றார். ரஷ்யாவிலிருந்த ஆர்மீனியப் பேராயர் அர்குத்யான் வழியாக அந்நாட்டு அரசையும் அணுகினார். மன்னர் தயவு கூடாது என்று எழுதியவர் மன்னர்களையே நாட வேண்டியிருந்த இம்முரண், படையில்லாத சமூகத்தின் அரசியலில் தவிர்க்க இயலாதது.

உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் அருட்தந்தை ஹருத்யூன் ஷ்மாவோனியனால் சென்னையில் தொடங்கப்பட்டு, 18 இதழ்களோடு 1796இல் நின்றது. பாரசீகப் படை 1795இல் ஜார்ஜியத் தலைநகர் திபிலீசியைச் சூறையாடி எரெக்லேயின் வலிமையை முறித்தது. ஷாஹமீர் 1797இல் சென்னையிலேயே காலமானார். ஆர்மீனிய நகரமான எரெவான் 1828இல் பாரசீகத்திடமிருந்து மீண்டபோது, சாசனம் கேட்ட குடியரசாக அன்றி, ரஷ்யப் பேரரசின் ஒரு மாகாணமாகவே மீண்டது.