செம்மயிற்கொன்றை

செம்மயிற்கொன்றை, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த அழகு மரம். தாவரவியல் பெயர் டெலோனிக்ஸ் ரீஜியா. குல்மொகர், மே பிளவர் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். தமிழகத்துச் சாலைகளில் நெடுங்காலம் நின்றுவிட்டதால் உள்ளூர் மரம் போலத் தோன்றினாலும், தாயகம் மடகாஸ்கர். அங்கே வடக்கிலும் மேற்கிலும் உள்ள வறண்ட இலையுதிர் காடுகளில் தானாக வளர்கிறது. மொரீஷியசில் வாழ்ந்த தாவரவியலாளர் வென்சல் போயர் 1820களில் இதை வெளியுலகுக்கு அறிமுகம் செய்தார். அறிவியல் விவரிப்பு 1829இல் வெளிவந்தது. இன்று வெப்பநாடுகள் பலவற்றிலும் உண்டு. கரீபியன் கடலிலுள்ள செயின்ட் கிட்ஸ் நெவிஸ் நாட்டின் தேசிய மலரும் இதுதான்.

பொதுவாக 10 முதல் 12 மீட்டர் உயரம் வளரும். உயரத்தைவிடப் படர்ச்சியே அதிகம். கிளைகள் குடையாக விரியும். கோடையில் இலை உதிர்ந்த கிளைகளில் ஏப்ரல், மே மாதங்களில் கொத்துக் கொத்தாகப் பூக்கும். ஐந்து இதழ்களில் நான்கு செந்நிறம். நிமிர்ந்து நிற்கும் ஐந்தாவது சற்றுப் பெரியது. வெண்மையோ மஞ்சளோ கலந்து, சிவப்புக் கீற்றுகளோடு இருக்கும். மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றின் நுனிகளைக் கொக்கிபோல் மாட்டி இழுத்து, யாருடைய தலை அறுகிறது என்று பள்ளிப் பிள்ளைகள் பந்தயம் விடுவார்கள். காய்கள் அரை மீட்டருக்கு மேலும் நீளும். முற்றிக் கறுத்த பிறகும் பல மாதங்கள் மரத்திலேயே தொங்கும்.

நம் ஊர் வாதநாராயணன் இதே பேரினம். அதன் பூ வெளிறியது, ஆனால் இலை வாத நோய்க்கு நாட்டு மருந்து. செம்மயிற்கொன்றையை அழகுக்காகவும் நிழலுக்காகவுமே வளர்க்கிறார்கள்.

வேர்கள் ஆழமாக இறங்காமல் மேலாகவே ஓடி நடைபாதைக் கற்களைப் பெயர்க்கும். கிளைகளும் எளிதில் முறியும். 2016 டிசம்பரில் வர்தா புயல் சென்னையில் சாய்த்த மரங்களில் இதுவும் நிறைய. ஆகவே பூவின் கவர்ச்சிக்காகக் குறுகிய தெருக்களில்கூட நட்டுவந்தது நகரங்கள் செய்த பிழையே.

விதையின் தோல் கடினமானது. முனையை லேசாக உரசி ஓர் இரவு நீரில் ஊறவைத்து விதைத்தால் முளைக்கும். நாற்றை வீட்டுச் சுவருக்கும் மின்கம்பிக்கும் எட்டாத திறந்தவெளியில் நடுங்கள். பள்ளி மைதானமோ பூங்காவோ ஏற்ற இடம்.